ஏவுவாரற்ற கரை

கீழ்வானில் திரண்ட கார்முகில், பாலைமரக் காட்டின் முகடுகளை நனைத்து, நண்பகலையே அந்தியாக்கி, முருங்கன் ஊரை அடுத்த சிற்றூரின் மேல் கவிந்து நின்றது. ஊர்க் குளமோ, விளிம்பைத் தொட இரு முழமே எஞ்சிய நிலையில், இரை விழுங்கிய பாம்பென அசைவற்றுக் கிடந்தது. அதன் கரைக்குக் கீழே வயல்கள். வயல்களை அடுத்து வீடுகள்.

குடிக்கொரு பங்காய்க் கரையைப் பகுத்து, ஊர்த்தலைவன் பிரம்போடு நின்று மாரிக்கு முன் மண்ணிடுவித்தல் பண்டை வழக்கம். வெள்ளையர் ஆட்சி கட்டாய ஊழியத்தை ஒழித்தபின் பிரம்பு ஓய்ந்தது, ஊர் மகிழ்ந்தது, மண்வெட்டிகளும் ஓய்ந்தன. ஒவ்வொருவனும் அடுத்தவன் வாயிலைப் பார்த்திருக்க, மூன்றாம் மாரி வந்துற்றது. அப்பங்குக்காரருள் ஒருவனான தம்புவும் அவ்வாறே பார்த்திருந்தான்.

"இஞ்சருங்கோ, எங்கட பங்கில தண்ணி கசியுது" என்றாள் மனைவி சிவலட்சுமி.

"ஒருத்தரும் கூப்பிடேல்லையே. எல்லாரும் வந்தால் நானும் போறன்."

"அடி விழாட்டில் உங்களுக்குக் கால் எழும்பாதோ? சொல்லுங்கோ, பூவரசங்கம்பு முறிச்சுக்கொண்டு வாறன்."

கூடையையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு அவள் நடந்தாள். சினத்தோடு பின்சென்ற தம்பு, கரையின் அடியைக் கண்டதும் சினம் மறந்தான். கசியும் நீர் தெளிந்திருந்தால் அஞ்சுவதற்கில்லை. அதுவோ கலங்கி வந்தது. கரை உள்ளே கரைகிறது. எவரேனும் காண்கின்றனரா என்று முதலில் சுற்றிப் பார்த்தவன், பின் பார்ப்பதை விட்டு, மண்ணை வெட்டி, மிதித்து, மேலும் வெட்டினான்.

அடுத்த பங்குக்காரன் சிங்கராசா அவ்வழி வந்து நகைத்தான். "என்ன தம்பண்ணை, முதுகு தினவெடுக்குதோ? ஏவ ஆளில்லாத வேலைக்கு நிக்கிறியள்!"

"உன்ர பங்கிலயும் கலங்கல் வருது, வந்து பார்."

"ஓம், ஓம். எல்லாரும் சேரட்டும்."

பொழுது சாயுமுன் சிங்கராசாவின் பங்கு உடைந்தது. இடியென முழங்கிய வெள்ளம் வயலை விழுங்கி வீடுகளுள் புக, குழந்தைகளைத் தோளிலும் ஆடுகளைக் கையிலுமாய், பலர் மண்வெட்டியோடுமாய், ஊரார் ஓடிவந்து தம்புவின் கரையில் ஏறினர். ஏறி முடிக்குமுன் மறுபுறத்துப் பங்கும் சரிந்தது. நீர் நடுவே அத்துண்டு மட்டும் நின்றது.

சிங்கராசா கைகூப்பினான். "தம்பண்ணை, இனி என்ன செய்யிறது? நீங்கள் சொல்லுங்கோ, செய்யிறம்."

வெள்ளத்துக்கு அஞ்சாதிருந்த தம்பு, பழைய பிரம்பு தன் கைக்கு மாறுவதைக் கண்டவன்போல் அச்சொல்லுக்கு அஞ்சினான். அவன் குனிந்து வெட்டினான். மண்வெட்டி ஏந்திய கைகள் பல, அவன் வாய் திறக்கட்டுமென்று ஓய்ந்து நின்றன. கரையின் இருமுனையும், எவர் சொல்லுக்கும் காத்திராமல், கட்டி கட்டியாக நீரில் விழுந்துகொண்டிருந்தன.