சிவந்தவை மட்டும் சாகின்றன

1

கல்முனையில் ஒரு வேலிக்கம்பியில் இருந்த ஓணானின் முதுகில் நகப்பூச்சுப் புள்ளியைக் கண்டேன். இந்தக் கதை அங்கேதான் பிடிபட்டது. ஓணானுக்கு நகப்பூச்சுப் பூசுகிறவள் யார்?

முதல் தொடக்கம்: "முற்றத்தில் ஒரு பிணம்..." (வேண்டாம். செத்தது ஓணான் என்று தெரிந்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.)

2

அவள் அஸ்னா. ஆராய்ச்சி மாணவி, கர்ப்பிணி. வீட்டு வளவில் பிடித்த ஆண் ஓணான்களுக்கு அடையாளப் புள்ளி வைத்து, சிலவற்றின் தோலுக்கடியில் ஹோர்மோன் குளிசையும் மற்றவற்றுக்கு மருந்தில்லாத வெறும் குளிசையும் வைத்தாள். ஹோர்மோன்காரர்கள் பருவத்துக்கு முந்தியே கழுத்துச் சிவந்து, சண்டைக்கு அலைந்து, தீனியை மறந்தார்கள், வளரவில்லை. வெறும் குளிசைக்காரர்கள் மண்ணிறமாகவே, சத்தமில்லாமல் நீண்டார்கள். பட்டத்துக்கு அது போதும்.

ஆனால் சிவந்தவை செத்தன. சிவந்தவை மட்டும். கல்லடி பட்டு.

3

பக்கத்து வீட்டு முத்தலிப் காக்கா கையில் கல்லோடு— (அழித்துவிட்டேன். அந்த மனுசன் வேலைக்குப் போய்க் கட்டாரில் இருக்கிறார்.)

மிஞ்சியது அவள் புருஷன் இன்ஸாப். எனக்கே சந்தேகம்தான்: பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் படிப்பிக்கிறவன் ஓணானுக்குக் கல்லெறிவானா?

4

எறிந்தான். அஸ்னா ஜன்னலால் கண்டாள்.

"இஞ்சருங்க! நீங்களா?"

"கிளினிக்ல உனக்கு ரத்தம் கொறவெண்டு சொன்னதிலயிருந்து மனசு சரியில்ல புள்ள."

"அதுக்கு?"

"கழுத்து சிவந்த ஓணான் ஆளப் பாத்தாலே ரத்தத்தக் குடிச்சிருமெண்டு ஊர்ல சொல்லுவாங்களே..."

"நீங்க சயன்ஸ் சேர்!"

"ஓம். நான் நம்பல்ல. நம்பாமத்தான் எறிஞ்சன்."

"சிவப்பாக்கினது நான். அது என்ட ரத்தமில்ல, என்ட குளிசை!"

"தெரியும். ஆனா அது உன்னயே பாத்துக்கிட்டிருந்திச்சி."

"ஓணான் வேற என்னத்தச் செய்யும்? பத்திரிகையா வாசிக்கும்?"

5

சிவந்தவை செத்த செய்தியை மட்டும் கேட்ட பேராசிரியருக்கு ஒரே சந்தோஷம். "சிவப்பு நிறம் பருந்துக்கும் தெரியுது, அதான் சிவந்ததத் தேடிக் கொல்லுது! பெரிய முடிவு, எழுதுங்க."

கொன்றது பருந்தென்றால் பட்டம். புருஷனென்றால் ஆராய்ச்சி பாழ். சயன்ஸ் சேரைப் பார்த்துப் பள்ளிக்கூடமே சிரிக்கும்.

இரண்டு முடிவு எழுதிக் கிழித்தேன். ஒன்றில் அஸ்னா பொய் சொன்னாள், எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று. மற்றதில் உண்மை சொன்னாள், இன்ஸாப் சாப்பிடாமல் எழுந்து போனான்.

இனி நீங்கள். அவள் தட்டச்சிடுகிறாள், அவன் அவளுடைய முதுகுக்குப் பின்னால் நின்று வாசிக்கிறான். பார்த்து முடியுங்கள்:

"சிவந்த ஆண்களைக் கொன்றது