மாஸ்டர் மகளின் கையுறை

"இந்த உறை யாருக்கு வலிக்காம இருக்கறதுக்கு, பெரியம்மா? போட்டுக்கறவங்களுக்கா, வாங்கிக்கறவங்களுக்கா?"

தங்கையின் மகள் இதைக் கேட்டபோது அவளுக்குப் பால் பல்கூட விழ ஆரம்பிக்கவில்லை. தாயின் குத்துச்சண்டைக் கையுறைகளை முழங்கைவரை மாட்டிக்கொண்டு, கூடத்தின் நடுவே நின்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்தாள். பதில்தான் யாரும் சொல்லவில்லை. குழந்தை உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு விளையாட்டுக்குப் போய்விட்டது. கேள்வி போகவில்லை, பெரியம்மாவோடு தங்கிவிட்டது.

தங்கை கூப்பிடுகிறபடி நாமும் அவளை அக்கா என்றே சொல்வோம். அக்கா ஒரு காலத்தில் தானே மேடை ஏறியவள். வலது கை இரண்டாம் முறை உடைந்து சரியாகக் கூடாமல் போனபின், மேடையோரம் தங்கையின் மூலையில் வாளியும் துண்டுமாக நிற்க ஆரம்பித்தாள். மற்றபடி இருவருக்கும் பிழைப்பு ஒன்றுதான்: ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடம். ஈரப் போர்வைகளை உதறி உதறி நீராவி உருளைக்குள் கொடுப்பது. பகல் முழுவதும் அங்கே நின்றுவிட்டு, சாயங்காலம் பயிற்சிக்கூடம். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றக்கூடக் குனிய முடியாது. இருவரும் சுவரில் சாய்ந்தபடி காலாலேயே உதறிவிடுவார்கள்.

இந்த ஒரு சண்டையில் ஜெயித்தால் தங்கைக்கு அடுத்தது பட்டத்துக்கான சண்டை. சலவைக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம். தோற்றால் இதோடு சரி. சண்டைகளை நடத்தும் ஏற்பாட்டாளர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "தப்பா நெனைக்காதம்மா. இந்த வயசுக்கு மேல உன்னை யாரு டிக்கெட் வாங்கிப் பாக்கப் போறாங்க?"

சண்டைக்கு முதல் நாள் எடை பார்த்து முடித்ததும் கையுறைத் தேர்வு. நீண்ட மேசையில் புத்தம்புது ஜோடிகள். ஆளுக்கு ஒரு ஜோடியும், ஏதாவது ஆனால் மாற்றிக்கொள்ள இன்னொரு ஜோடியும் எடுத்து, மணிக்கட்டுப் பட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். மேற்பார்வையாளர் பெட்டியில் வைத்து முத்திரை வைத்துவிடுவார். அப்புறம் மறுநாள்வரை யாரும் தொட முடியாது.

எல்லாம் எட்டு அவுன்ஸ் எடைதான். அந்த எட்டு அவுன்ஸ் உறைக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் சூட்சுமம். ஒரு வகையில் கெட்டியான நுரைப்பஞ்சு விரல்முட்டிகளின் மேல் மொத்தமாகக் கவிந்திருக்கும். இவர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் தலகாணி. அடி கொஞ்சம் மந்தமாகப் போகும், ஆனால் கை தப்பிக்கும். அடிபட்டு ஆறிய கை உள்ளவர்கள் அதைத்தான் எடுப்பார்கள். இன்னொரு வகை குதிரைமுடி அடைத்தது. அதில் கனமெல்லாம் மணிக்கட்டுப் பக்கம் ஒதுங்கி, முட்டியின் மேல் மெலிந்திருக்கும். அடிக்க அடிக்க முடி விலகிக்கொண்டே போகும். அடிக்கிறவளுக்கு எதிராளியின் எலும்பு தட்டுப்படும். எதிராளிக்கு இவள் எலும்பு தட்டுப்படும். கையில் தெம்பு இருக்கிற, சட்டென்று முடித்துவிட்டுப் போக நினைக்கிற ஆட்களுக்கு அதுதான் பிடிக்கும்.

தங்கை தலகாணி பக்கமே நின்றாள். ஒன்றைப் போட்டாள், முஷ்டி மடக்கினாள், கழற்றினாள். கட்டைவிரல் தையல் உறுத்துகிறது என்றாள். அடுத்தது உள்ளங்கையில் மடிகிறது என்றாள்.

"ஏண்டி, துணிக்கடையிலகூட நீ இவ்வளவு நேரம் எடுக்க மாட்டியே" என்றாள் அக்கா.

"துணி கிழிஞ்சா தைச்சுக்கலாம். என் கை கிழிஞ்சா ஓட்டல் போர்வைய நீ ஒருத்தியே உதறுவியா?"

"இப்ப மட்டும் என்ன, பாதி நான்தான் உதறறேன்."

மேசையின் மறுமுனையில் நாளைய எதிராளி நின்றாள். சின்னப் பெண். எடையைக் குறைக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்து, கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, விரல்கள் சுள்ளியாகியிருந்தன. அவளோடு வந்திருந்தது அவளுடைய அப்பா ஒருவர்தான், பயிற்சியாளரும் அவரே. எல்லோரும் அவரை மாஸ்டர் என்றார்கள். பெண் எடையில் தேறினாளே என்ற நிம்மதியில் அவர் முகம் இன்னும் தராசுப் பக்கமே திரும்பியிருந்தது. குதிரைமுடி உறை ஒன்றுக்குள் அவள் கை வழுக்கிக்கொண்டு போயிற்று. மாஸ்டர் ஒரு தடவை அழுத்திப் பார்த்துத் தலையாட்டினார். மாற்று ஜோடியும் அதே அளவு. கையெழுத்தும் ஆயிற்று.

தங்கை முழங்கையால் இடித்தாள். "பாத்தியாக்கா? வத்திப்போன கைக்கு அளவு பாக்கறாரு. இன்னைக்குத் தண்ணி குடிச்சு, நாளைக்கு உள்ள துணிக்கட்டும் கட்டினா அந்தக் கை இதுக்குள்ள போகுமா? போனாலும் ரத்தம் ஓடுமா? மூணாவது ரவுண்டுல மரத்துப் போயிடும்."

"வாய மூடு."

"மூடிட்டேன். நீயும் மூடிக்கிட்டு இரு. கடவுள் இப்பத்தான் நமக்குக் கண்ணத் தெறந்திருக்காரு."

"அவளுக்கும் அதே கடவுள்தாண்டி."

"இருக்கட்டுமே. இன்னைக்கு நம்ம முறை."

அக்கா மாஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடி நரைத்து, தோள் சரிந்திருந்தாலும் அவளுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. அவருக்கு அவளைத் தெரியவில்லை. தெரிய நியாயமும் இல்லை. அவர் கண் முன்னே எத்தனையோ பெண்கள் வந்து போயிருப்பார்கள்.

அக்காவின் முதல் பெரிய சண்டையில் அவளும் இதே தப்பைத்தான் செய்திருந்தாள். தாகத்தில் இருக்கும் கைக்கு அளவு பார்ப்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்கிற தப்பு. நன்றாகத் தெரிந்தவர்களும் செய்வார்கள். கட்டுக்குள் எதையாவது ஒளித்துவிடக் கூடாது என்பதற்காக, கை கட்டும்போது எதிர்ப்பக்கத்து ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்து பார்ப்பது வழக்கம். அன்று அப்படி வந்து உட்கார்ந்தவர் இந்த மாஸ்டர். உறை ஏறவில்லை. அவளுடைய பயிற்சியாளர் அவளைத் திட்டிவிட்டு, யாரையோ பிடித்துச் சண்டை போட வெளியே போய்விட்டார். மாஸ்டர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். துணிக்கட்டை வெட்டி எடுத்தார். முட்டியின் மேல் ஒரு சுற்றுக்கூடக் குறைக்காமல், புறங்கையிலும் உள்ளங்கையிலும் மட்டும் குறைத்து, புதிதாகக் கட்டினார். கட்டி முடித்து, சுட்டுக்கொண்ட குழந்தையின் கையை ஊதுவதுபோல ஊதினார். "போம்மா. கை பத்திரம்."

அன்று அவர் கூட்டி வந்த ஆள் தோற்றாள். அக்கா நன்றி சொல்லத் தேடியபோது அவர் போய்விட்டிருந்தார். அந்தக் கைதான் அதற்கப்புறம் பல வருஷம் வீட்டுக்குச் சோறு போட்டது.

மறுநாள் சாயங்காலம், தங்கைக்குக் கை கட்டி முடித்துவிட்டு, அக்கா வழக்கப்படி மாஸ்டர் மகளின் அறைக்குப் போய் மூலை நாற்காலியில் உட்கார்ந்தாள். சாய்ந்ததும் முதுகு முழுவதும் வலித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தங்கை உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். அவள் ஷூ தரையில் தேயும் சத்தம் இங்கே கேட்டது. அந்தக் கால் சத்தத்தை வைத்தே அக்கா சொல்லிவிடுவாள், இன்று அவள் நன்றாக இருக்கிறாள் என்று.

மாஸ்டர் மகளுக்கு வஞ்சனையில்லாமல் கட்டினார். கட்டி முடித்து உறையை மாட்டினார். பாதியில் நின்றுவிட்டது. திருகினார், தள்ளினார். பெண் பல்லைக் கடித்தாள். மாற்று ஜோடியும் அப்படியே.

"பெரிய சைஸ் ஒண்ணு குடுங்க" என்றார் மேற்பார்வையாளரிடம்.

"என்ன மாஸ்டர், நீங்களே இப்படிக் கேட்டா? ரெண்டு ஜோடியும் நேத்து நீங்க எடுத்ததுதானே. அதுக்கு மேல ஏற்பாட்டாளர்தான் சொல்லணும். இல்லேன்னா கட்டைப் பிரிச்சுக் கொஞ்சம் கொறைச்சுக் கட்டுங்க. இந்தம்மாதான் பாத்துக்கிட்டு இருக்காங்களே. நான் அடுத்த ரூமுக்குப் போயிட்டு வந்து கையெழுத்துப் போடறேன்."

"கொறைச்சா கை ஒடஞ்சிடும். பெத்தவன் கையால அதை எப்படிக் கட்டறது?"

யாரோ பெற்ற பெண்ணுக்கு அன்று பக்குவமாகக் குறைத்துக் கட்டியவருக்கு, சொந்த மகள் என்றதும் கை வரவில்லை. தன் முகத்தை மகள் பார்த்துவிடக் கூடாதே என்றோ என்னவோ, பெரிய துண்டு ஒன்றை எடுத்து அவள் தலையோடு முகம் மூட விரித்துப் போட்டார். மேடைக்கு முன்னால் மனசு அடங்க நிறையப் பேர் அப்படித்தான் உட்காருவார்கள். "அப்படியே கண்ண மூடிக்கிட்டு இரும்மா. அப்பா வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஏற்பாட்டாளரைத் தேடி ஓடினார். மேற்பார்வையாளரும் வெளியே போனார்.

அறையில் அக்காவும், துண்டுக்கு அடியில் அந்தப் பெண்ணும். சுவருக்கு அந்தப் பக்கம் தங்கையின் கால் சத்தம்.

சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். உட்கார்ந்திருப்பது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. அதுவும் அக்கா இருந்த அசதிக்கு, உட்கார்ந்திருப்பதைப்போலச் சுகம் வேறில்லை. "ஏன் சாமி, என்னைப் பாத்து இதைக் கேக்கறே?" என்று மனசுக்குள் ஒரு தடவை கேட்டாள். பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள்.

சண்டை எப்படி முடிந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. தங்கை தோற்றாள். மண்ணைக் கவ்வவில்லை, கடைசி மணிவரை நின்றாள். மூன்று நடுவர்களில் ஒருவர் இவள் பக்கம், இருவர் அந்தப் பக்கம். ஏற்பாட்டாளர் தோளில் தட்டிவிட்டுப் போனார், அதன்பின் கூப்பிடவில்லை. மாஸ்டர் மகளின் கை எப்படி உறைக்குள் போனது என்பதை யாரும் விசாரிக்கவில்லை. மேற்பார்வையாளர் கட்டிவிட்டார் என்று மாஸ்டர் நினைத்தார். மாஸ்டர் கட்டினார் என்று மேற்பார்வையாளர் நினைத்துக் கையெழுத்துப் போட்டார். தங்கை மட்டும், இருவரும் பழையபடி போர்வை உதறிக்கொண்டிருந்த ஒரு நாளில் கேட்டாள்.

"அவ கை எப்படிக்கா உள்ள போச்சு?"

"போயிடுச்சு."

"போகாம இருந்திருந்தா நான் ஜெயிச்சிருப்பேன்."

"ஆமா. ஜெயிச்சிருப்பே."

தங்கை போர்வையின் மறுமுனையைப் பிடித்தபடி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு உதறினாள். "நல்லாப் பிடி. நுனி தொங்குது பாரு" என்றாள். அவ்வளவுதான். தலகாணி உறையின் புண்ணியத்தில் அவள் கை இரண்டும் முழுசாக இருந்தன.

அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று அந்த அறையில் அக்கா முக்காலியை இழுத்துப் போட்டாள். மழுங்கிய முனைக் கத்தரிக்கோலும் புதுத் துணிச்சுருளும் நாடாவும் அவள் பையிலேயே இருந்தன. கட்டை வெட்டினாள். உள்ளே விரல்கள் சில்லிட்டிருந்தன. அவற்றைத் தன் இரண்டு கைக்கும் நடுவே வைத்துத் தேய்த்துச் சூடாக்கினாள். பிறகு கட்டினாள். முட்டியின் மேல் ஒரு சுற்றும் குறைக்கவில்லை. புறங்கையில் குறைத்தாள். உள்ளங்கையில் குறைத்தாள். விரலிடுக்குகளில் நாடாவை மெல்லியதாகக் கிழித்து ஓட்டினாள். மற்றக் கையையும் அப்படியே கட்டினாள். உடைந்து கூடிய அவளுடைய வலது கை இடையில் ஒரு முறை மக்கர் செய்தது. சற்று நிறுத்திவிட்டுத் தொடர்ந்தாள். குதிரைமுடி உறையைப் பிடித்துக்கொண்டாள். கை உள்ளே போயிற்று. முஷ்டி மடங்கியது.

கழற்றி வைத்துவிட்டு, கட்டிய கைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, மெதுவாக ஊதினாள்.

துண்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "இப்ப சரியா இருக்குப்பா."

வெட்டிய பழைய துணியை அக்கா சுருட்டித் தன் பைக்குள் திணித்துக்கொண்டாள். முக்காலியைப் பழைய இடத்தில் வைத்தாள். மூலை நாற்காலிக்குப் போய், இரண்டு கைகளையும் மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள்.