கறுப்பு மோடம் மட்டும் தேறிய கதை

தொலைபேசி வழியே இணையம் தரும் மலிவு மோடங்களைக் கண்டாலே மெக்கானிக்குக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கீழே கடை, மேலே வீடு, இரண்டுக்கும் ஒரே தொலைபேசி இணைப்பு. பழுது பார்த்த மோடத்தை விற்குமுன் அதில் மாட்டுவார். ஒரு மணி நேரம் இணைப்பு அறுந்துபோகாமல் ஓடினால்தான் தேறியது என்பார். இதுவரை தேறியது ஒரே ஒரு கறுப்பு மோடம். அதை மட்டும் கண்ணாடி அலமாரியில் வைத்துக் கொண்டாடினார்.

இன்று மாட்டிய மோடமும் கீச்சென்று கத்தி, இணைந்து, பாதியில் செத்தது.

"எல்லாம் குப்பை!"

மாடியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "என்ன குப்பை? தங்கச்சிகிட்ட பேசலாம்னு எப்ப ரிசீவரை எடுத்தாலும் உங்க சனியன்தான் காதுல கத்துது!"

ரிசீவரைத் தூக்கினால் மோடத்தின் இணைப்பு அறுந்துவிடும் என்பது தொழிலில் பாலபாடம். மெக்கானிக் கண்ணாடி அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தக் கறுப்பை டெஸ்ட் பண்ணப்போ மட்டும் நீ எடுக்கலையா?"

"அப்ப எனக்கும் அவளுக்கும் சண்டை. பேச்சுவார்த்தையே இல்லை."

அந்நேரம் உள்ளே வந்த வாடிக்கையாளர், "அண்ணே, இந்த மோடம்கள்ல எதை நம்பி வாங்கலாம்?" என்றார்.

மெக்கானிக் மாடியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"அக்காவும் தங்கச்சியும் சண்டையில இருக்கற வரைக்கும் எல்லாமே தங்கம்தான் தம்பி."