முகத்தில் போட்ட துண்டு

பழைய கூட்டாளி ரேடியோ வந்திருக்கிறார் என்று மனைவி சொல்லியும் பிரேக்காரர் கட்டிலை விட்டு எழவில்லை. பேருந்துப் பணிமனையில் காலமெல்லாம் பிரேக் பார்த்த மனிதர். அவர் கை வைத்த வண்டியை ஓட்டுநர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்கள். ஓய்வு பெற்றதும் மனிதர் அப்படியே படுத்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் 'அப்புறம்'. மகள் போனில் கூப்பிட்டால் 'தூங்கறேன்னு சொல்லு'. என்ன ஆச்சு என்று கேட்டால் 'ஒண்ணுமில்ல'. அந்த 'ஒண்ணுமில்ல'யைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய்த்தான் மனைவி அவருடைய பழைய கூட்டாளிக்குப் போன் போட்டிருந்தாள்.

"அண்ணா தனியா பேசிட்டு உட்கார்ந்திருக்காருங்க. எழுந்து வாங்க."

"அவன் தனியாத்தான் பேசுவான். பேசட்டும்."

பணிமனையில் எலக்ட்ரீஷியனாக இருந்த அந்தக் கூட்டாளிக்கு ரேடியோ என்று பெயர் வந்ததே ஓயாத வாயால்தான். அழைப்புக்கெல்லாம் அவர் காத்திருக்கிற ஆளில்லை. நேரே அறைக்குள் வந்து, அக்குளில் இடுக்கியிருந்த சுருளைத் தரையில் உதறி விரித்தார். பழைய பேருந்து சீட்டின் ரெக்சின் உறை. பழுப்பு நிறம், ஓரத்தில் பிரிந்த தையல். பிரேக்காரர் அதைப் பார்த்தார். கிரீஸும் டயரும் கலந்த அந்தப் பழைய வாசனை மூக்கில் வந்து ஏறியது.

"இன்னுமா வச்சிருக்க?"

"நீ தூக்கிப் போட்டுட்டியா? போட்டிருப்ப. உனக்கு எதுலடா அருமை தெரிஞ்சிருக்கு?"

எப்பேர்ப்பட்ட காலைகள் அவை! பணிமனையின் டயர் கொட்டகையில் ஷிப்ட் தொடங்கும் முன் யோகா நடக்கும். கொண்டுவந்தவர் ஸ்டோர்காரர். அவருடைய ரத்தக் கொதிப்புக்கு டாக்டர் யோகா பண்ணச் சொன்னார். தனியாகச் செய்ய வெட்கப்பட்டவர், முதுகுவலிக்கு நல்லது என்று புளுகி எல்லாரையும் இழுத்துப் போட்டார். பாய்க்கு எங்கே போவது? கழித்துப் போட்ட சீட்டு உறைகளைக் கத்தரித்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் பாதிப் பேர் டயர் அடுக்கைப் பிடித்துக்கொள்வார்கள். குனிந்து பாதத்தைத் தொடச் சொன்னால் வெல்டர் தன் தொப்பையைத் தொட்டுவிட்டு, வழியில் இதுதான் இருக்கிறது என்பார். கடைசியில் சவாசனம். நாள் முழுக்க வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறவனுக்கு அதை யார் சொல்லித் தர வேண்டும்? அதில் மட்டும் அத்தனை பேரும் கெட்டிக்காரர்கள்.

தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே வெயில் கண்ணில் குத்தியதால் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுப்பார்கள். ஒரு நாள் ஏதோ ஒரு துண்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"என் பொண்ணு என்கூட பேசறதே இல்ல."

யாரும் சிரிக்கவில்லை, எழுந்து பார்க்கவும் இல்லை. மறுநாள் இன்னொரு துண்டு தன் கடையை மூடிய தம்பியைப் பற்றிப் பேசியது. அப்படியே அது வழக்கமாகிவிட்டது. படுத்திருக்கும்போது யார் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். பதில் சொல்லக் கூடாது. எழுந்த பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. குரல் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். தெரியாத மாதிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவதுதான் அங்கே மரியாதை. வீட்டில் வாயே திறக்காத ஆட்கள் அந்தக் கொட்டகையில்தான் மனசை இறக்கி வைத்தார்கள்.

ரேடியோ மட்டும் துண்டுக்கு அடியிலும் ஜோக்தான் அடிப்பார். அவருக்கு என்ன குறை என்று எல்லாரும் நினைத்தார்கள். ஒரு வாரம் அந்தத் துண்டு பேசவே இல்லை.

"பேட்டரி தீர்ந்துபோச்சு. அப்பாடா, நிம்மதி," என்றார் வெல்டர். கொட்டகையே சிரித்தது.

பிரேக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. சத்தம் போடுகிற வண்டியை அவர் பயமில்லாமல் ஓட்டிப் பார்ப்பார். போட்ட சத்தம் காரணமில்லாமல் நின்றுபோனால்தான் உடனே வண்டியை நிறுத்தி அடியில் குனிந்து பார்ப்பார். எல்லாரும் படுத்திருக்க, அவர் எழுந்து போய் ரேடியோவின் முகத்திலிருந்து துண்டை விலக்கினார். கொட்டகையில் அதுவரை யாரும் செய்யாத காரியம். ரேடியோவின் கண்ணிலிருந்து காதுப் பக்கமாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"விட்டுடுடா. பேசக் கூடாது, கேட்கக் கூடாது."

"கேட்கல. டிரையலுக்குப் போகணும், வா."

பிரேக் மாற்றிய வண்டியை ஆள் ஏற்றாமல் வெளியே ஓட்டிப் பார்ப்பது பணிமனை வழக்கம். அதற்கு எலக்ட்ரீஷியன் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. காலிப் பேருந்தில் ரேடியோவை முன்சீட்டில் உட்கார வைத்து, பிரேக்காரர் சும்மா ஓட்டிக்கொண்டே போனார். ஊர் எல்லை தாண்டிய பிறகு ரேடியோ வாயைத் திறந்தார். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்றார். பிரேக்காரர் காலைப் பிரேக்கில் வைத்தார். வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, ரேடியோ சொன்னதையெல்லாம் கேட்டார். கேட்டுவிட்டு, அதே வண்டியில் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மனநல டாக்டர் முன்னால் உட்கார வைத்தார். மேஸ்திரியிடம் வாங்கிய திட்டு தனிக்கதை.

"படுடா," என்றார் ரேடியோ இப்போது, தரையில் விரித்த ரெக்சினைக் காட்டி.

பிரேக்காரர் முனகிக்கொண்டே கட்டிலிலிருந்து இறங்கி ரெக்சினில் மல்லாந்தார். பக்கத்தில் வெறும் தரையில் ரேடியோ. இரண்டு முகங்களிலும் துண்டு. வாசற்படியில் நின்றிருந்த மனைவி சத்தமில்லாமல் நகர்ந்துபோனாள். துண்டுக்குள் பிரேக்காரருக்குக் கண் கரித்தது. சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. துண்டை இன்னும் இறுக்கி முகத்தில் இழுத்துக்கொண்டார்.

துண்டு விலகியது. மேலே ரேடியோவின் முகம்.

"எழுந்திரு. டிரையல் போலாம்."

"வண்டி?"

"ஊர்ல ஓடற வண்டியெல்லாம் நம்ம வண்டிதான்."

தெருமுனையில் டவுன் பஸ் ஏறி, கடைசி சீட்டில் உட்கார்ந்தார்கள். முதல் நிறுத்தத்திலேயே வண்டி கீச்சிட்டு நின்றது.

"பின்சக்கரம், இடது பக்கம். பிரேக் லைனிங் தேஞ்சிருக்கு," என்றார் பிரேக்காரர். பல மாதங்களில் அவராக வாய் திறந்து சொன்ன முதல் சங்கதி அதுதான். சொன்னவுடன் மற்றதும் வந்துவிட்டது.

"காலையில எதுக்கு எழுந்திருக்கறோம்னே தெரியலடா. யாருக்கும் நான் வேண்டியதில்ல. இப்படியே தூங்கி, எழுந்திருக்காமலே போயிட்டா நல்லதுன்னு தோணுது. பயமா இருக்கு."

எதற்கும் ஒரு ஜோக் வைத்திருக்கும் ரேடியோ ஜோக் சொல்லவில்லை. பிரேக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் அப்படித்தான் இருந்தது. மாத்திரையும் சாப்பிட்டேன், பேசவும் செஞ்சேன். சரியாச்சுடா. அன்னைக்கு நீ துண்டை எடுத்த."

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கினார்கள். கண்டக்டர் வந்து இவர்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ரேடியோ திரும்பிப் போக இரண்டு டிக்கெட் கேட்டார்.

பிரேக்காரர் போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார்.

"நான்தான். சாப்பாட்டுக்கு ரெண்டு பேரும் வந்துடறோம். நாளைக்கு டாக்டர்கிட்ட போகணும். நீயும் கூட வா."

மறுமுனையில் மனைவி அழுதாள். இந்த முறை அவர் 'ஒண்ணுமில்ல' என்று சொல்லவில்லை.