தூக்குற வீடு

இறக்குங்கன்னு சொல்ல மாட்டேன், தோள் பிஞ்சு கையோட வந்தாலும் சொல்ல மாட்டேன், சொன்னாத்தானே அந்த முகருரா இளிப்பான்... மூங்கில் கம்பு நின்சிமாவின் வலது தோளில் ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு அறுத்தது, கொஞ்சம் நகர்ந்து தொலையேன் சனியனே என்று அதைத் திட்டிக்கொண்டே சேற்றில் கால் ஊன்றினாள். டோலிக்குள்ளே வெள்ளைக்காரக் கிழவி, முட்டி தேய்ந்தவள், ஆனாலும் கொரில்லாவைப் பார்த்துவிட்டுத்தான் சாவேன் என்று கடல் தாண்டி வந்திருக்கிறாள், அந்தப் பிடிவாதம் நின்சிமாவுக்குப் பிடித்துத்தான் இருந்தது, ஆனால் பாவி மனுஷி கொஞ்சம் இளைத்துவிட்டு வந்திருக்கக் கூடாதா? முன்கம்பில் முகருராவும் அவன் தம்பியும், பின்கம்பில் இவளும் தும்வினேயும், மாற்று ஆட்கள் நாலு பேர் பின்னால் வெறும் தோளோடு, பேச்சும் சிரிப்புமாக. சிரிப்பு யாரைப் பற்றி என்று கேட்கவா வேண்டும்?

காலையில் காட்டு வாசலில் இவள் பை தூக்கத்தான் வந்தாள், எப்போதும் போல. டோலிக்கு எட்டுப் பேர் வேணும், எட்டாவது ஆளான காட்டோ என்கிறவன் முந்தின நாள் வாழைப்பழ பீரைக் குடித்துவிட்டு வீட்டில் குப்புறக் கிடக்கிறான், ஏழு பேர்தான் நிற்கிறார்கள், கிழவி தொப்பியைக் கட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருக்கிறாள். நான் தூக்கறேன்... எப்படித்தான் வாயைவிட்டு வந்ததோ! "ஏந்தாயீ, இது என்ன தண்ணிக் குடமா?" என்றான் டோலிக்காரர்களுக்குத் தலைவனான முகருரா, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "குடமோ கிழவியோ, கனம் கனந்தானேண்ணே. நான் தூக்கிட்டா எங்க வீட்டத் தூக்குற வீடுன்னு ஊர் முன்னாடி சொல்லணும். சொல்லுவியா?" சிரிப்பு நின்றது. முகருரா தாடையைச் சொறிந்தான். "சரி. கொரில்லா இருக்கிற எடம் வரைக்கும் தூக்கு. நடுவுல ஒரு தடவ இறக்குங்கன்னு உன் வாயிலேருந்து வந்துச்சு, பேசாம பையத் தூக்கிக்கிட்டு நடந்துரணும்."

தூக்குற வீடு... அவள் புருஷன் இருந்தவரைக்கும் தூக்குற வீடுதான். இந்த மலையில் ரோடு ஏது, வண்டி ஏது, காய்ச்சலோ பிரசவமோ டோலியில் வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்கு இறக்கணும், யார் வீட்டு ஆம்பிளை கம்புக்குத் தோள் கொடுக்கிறானோ அந்த வீட்டுக்குத்தான் டோலி வரும். அவனையும் கொண்டுபோனார்கள், மழையில், குறை சொல்ல முடியாது, திரும்பக் கொண்டுவந்தபோது துணியால் மூடியிருந்தது. அப்புறம் டோலிக்காரர்கள் கூட்டத்தில் இவள் கேட்டாள், இனிமே எங்க வீட்டுக்கு? சாவு வீட்டில் பீன்ஸ் அவிக்க வர்றேல்ல, அது போதும், நேரம் வரும்போது பாத்துக்கலாம் என்றார்கள். பாத்துக்கலாமாம்! எதிர்மலைக்காரியின் மருமகளுக்கும் இப்படித்தான் பாத்துக்கலாம் என்றார்கள், வாழைத்தோப்பிலேயே முடிந்துபோனாள், தாயும் பிள்ளையும். இப்போது வீட்டில் கெம்பபாசி இருக்கிறாள், என் மகள், அவளைக் கட்டினவன் தலைநகரத்துக்குப் போனவன் போனவன்தான், அவளுக்கு நிறைமாசம், வயிறு கீழே இறங்கிவிட்டது, நேற்று அடுப்படியில் குனிந்தவள் நிமிர முடியாமல் அம்மா என்றாளே... அந்த ஒரு அம்மாவுக்காக இந்தக் கிழவியை என்ன, இந்த மலையையே தூக்குவேன், யார் கேட்பது?

ஏற்றம். முறை மாற்றினார்கள், விலகி நடந்தாள், மறுபடி முறை வந்தது, தோளைக் கொடுத்தாள். செந்தட்டிச் செடி முழங்காலில் உரசி எரிந்தது. டோலியிலிருந்து ஒரு கை நீண்டு மிட்டாய் ஒன்றை நீட்டியது, கிழவி ஏதோ மன்னிப்புக் கேட்கிற குரலில் பேசினாள், நின்சிமா மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள், ஏன் மன்னிப்பு, நீ சும்மா கெட்டியாப் பிடிச்சு உக்காரு தாயே, நீ கனமா இருக்கிறதுதான் எனக்கு நல்லது. "என்ன தாயீ, இறக்கலாமா?" முன்னாலிருந்து முகருரா, தேன் ஒழுகக் கேட்டான். "ஏண்ணே, உனக்கு வலிக்குதா?" தும்வினே களுக்கென்று சிரித்துவிட்டான். நல்லா வேணும். ஆனால் கால் நடுங்குகிறதே... நடுங்கட்டும், நடுங்கினால் யாருக்குத் தெரியும், பாவாடைக்குள்தானே நடுங்குது.

அப்போதுதான் அந்த வாடை, வேர்வையும் புகையும் கலந்த மாதிரி. வாழைத்தண்டை உரிக்க வந்த கொரில்லாக்களைத் தகரம் தட்டி விரட்டினவளுக்கு அந்த வாடை தெரியாதா? ஆனால் அங்கே நடுவில் தோட்டம் இருக்கும், கையில் தகரம் இருக்கும். இங்கே புதர் கிழிந்தது, முதுகு நரைத்த பெரிய ஆண் கொரில்லா பாதையிலேயே பாய்ந்து வந்தது, பல்லைக் காட்டிக் கத்தியது. ஓடாதீங்க, குனிங்க, கண்ணப் பாக்காதீங்க என்று கூட வந்த காட்டு ரேஞ்சர் அசீமே தொண்டைக்குள்ளேயே சொன்னான். முகருரா கம்பைப் போட்டுவிட்டு மண்டியிட்டான், தம்பியும் போட்டான், தும்வினே எப்போது கையை விட்டான் என்றே தெரியவில்லை. டோலி ஒருபக்கம் சாய்ந்தது, கீழே செங்குத்துப் பள்ளம், நின்சிமாவின் தோளில் மட்டும் ஒரு மூலை நின்றது. விடு, குனி, விடுடி என்றது உடம்பு... விட மாட்டேன். கம்போடு சேர்ந்தே முழங்காலை மடக்கினாள், தலையைத் தாழ்த்தினாள், தோளை மட்டும் தாழ்த்தவில்லை. நீ கத்து, எவ்வளவு வேணும்னாலும் கத்து, உன் வீட்டுக்கு நீ நிக்கற, என் வீட்டுக்கு நான் நிக்கறேன்... அசீமே கொரில்லா மாதிரியே மெல்ல உறுமிக் காட்டினான். தண்டு ஒன்று முறியும் சத்தம். மெல்லும் சத்தம். பிறகு இலைகள் மூடிக்கொண்டன.

முகருரா எழுந்து முழங்கால் சேற்றைத் தட்டினான், தட்டத் தட்ட அப்பிக்கொண்டது. கிழவி பின்னால் திரும்பி எட்டி நின்சிமாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், எப்போது பிடித்தாள், இரண்டு கையாலும், நகம் பதிய. "தூக்குண்ணே" என்றாள் நின்சிமா. தூக்கினான்.

கொரில்லாக் கூட்டம் உட்கார்ந்திருந்த சரிவுக்குக் கொஞ்சம் முன்னால் டோலியை இறக்கினார்கள், எல்லாரும் சேர்ந்து, முறைப்படி. கிழவியை அசீமே கைத்தாங்கலாகக் கூட்டிப்போனான், தூக்கினவர்கள் பைகளோடு பின்னால் காத்திருக்கணும், அதுதான் சட்டம். முகருரா பக்கத்தில் வந்து உட்கார்ந்தான், புல்லைப் பிய்த்தான். "ஞாயித்துக்கிழமை கூட்டத்துல சொல்லிடறேன். தூக்குற வீடுதான். நீயே வந்து நில்லு." அப்புறம் மெதுவாக, "வரும்போது பீன்ஸையும் அவிச்சு எடுத்துட்டு வந்துரு." "நிக்கறேண்ணே, முன்வரிசையில நிக்கறேன். பீன்ஸ நீ அவி." அவன் சிரித்தானா முறைத்தானா, இவள் பார்க்கவில்லை.

ஜெயிச்சுட்டேன் கெம்பபாசி, இனி எவனும் பாத்துக்கலாம்னு சொல்ல முடியாது... மணிக்கட்டில் கிழவியின் நகத்தடம் இன்னும் சிவப்பாக இருந்தது. வலி வந்தால் கெம்பபாசியும் இப்படித்தான் பிடிப்பாள், இதைவிட இறுக்கிப் பிடிப்பாள், பிடிக்கக் கை தேடுவாள். அன்றைக்கு நான் எங்கே இருப்பேன்? நம் வீட்டுத் தோள் கம்புக்கடியில் இருந்தாக வேண்டும், அதைத்தானே சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன், பின்கம்பில் இருக்கிறவளுக்கு முகம்கூடத் தெரியாதே, கம்பைப் பிடித்த கையை எப்படி நீட்டுவது... நீட்டுவேன், ஒரு கையால் தூக்கி ஒரு கையை அவளிடம் கொடுப்பேன், ஏன் முடியாது? நின்சிமா எழுந்து, வெறும் டோலியின் பின்கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையை உள்ளே நீட்டிப் பார்த்தாள். கொஞ்சம் எட்டவில்லை.