ஒன்பது மணங்கு, கழிவு போக

1

உயர்ந்த சிந்தனை ஒன்றிலிருந்து இந்தக் கதை பிறந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் பிறந்தது கெலமங்கலம் புளி மண்டிச் சுவரில் கரியால் எழுதிய இரண்டு எண்களிலிருந்து: ஒன்பது, ஐந்து.

முதல் தொடக்கம்: ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலு, மலைமேல் பனி படர்ந்த ஒரு காலை...’ (பனிக்கும் தொப்பைக்கும் என்ன சம்பந்தம்? அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: நிலபுலன்காரர் திம்மராயன் ஒன்பது மணங்கு இருந்தார்.*

கிருஷ்ணகிரி டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: “ஆறு மாசத்துல ஒரு மணங்காவது கொறைங்க. இல்லேன்னா நெஞ்சு தாங்காது.”

திம்மராயன் நடுங்கிப்போனார். சந்தை நாள்தோறும் நண்பர் கௌஸ் மொய்தீனின் மண்டித் தராசில், நாலு பேர் பார்க்க ஏறுவதாகச் சபதம் செய்தார். துணைக்கு மனைவி செல்வம்மாளும் அரை வயிறு சாப்பிட வேண்டும் என்றார். முதல் வாரம் இருவரும் ஏறினார்கள். அவர் ஒன்பது, அவள் ஐந்து. அதன்பின் அவள் வரவில்லை. வீட்டில் வேலை இருந்தது.

* மணங்குக்கு எட்டு வீசை. சாதாரண ஆள் ஐந்து, ஐந்தரை மணங்கு இருப்பார். திம்மராயன் சாதாரண ஆளில்லை.

2

புளி மண்டியில் நிறுத்த எடையை அப்படியே எழுத மாட்டார்கள். கோணிக்கு, கொட்டைக்கு, ஈரத்துக்கு என்று கழித்துத்தான் எழுதுவார்கள். திம்மராயனுக்கு அந்த வழக்கம் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

“பாய், வேட்டி துண்டுக்குக் கழி.”

“கழிச்சாச்சுண்ணா.”

அடுத்த வாரம் செருப்பு. அதற்கடுத்த வாரம் மழை. வேட்டி நனைந்திருந்ததால் ஈரக் கழிவு. பிறகு நாஷ்டா.

“இப்பத்தானே தின்னேன் பாய்? அது இன்னும் ஒடம்புல சேரல. கழிச்சிரு.”

இப்படியாக, பஸ் நிற்கும் இடத்து ஓட்டலில் மசால்தோசை தின்றுகொண்டே மனிதர் இளைத்தார். அவருடைய மன உறுதியைக் கண்டு நானே... (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.)

3

கௌஸ் மொய்தீன் மேல் எனக்குச் சந்தேகம். ஒரு பலம் எடைகூடப் பிசகாத தராசுக்காரர் இதற்கு ஏன் உடன்பட்டார்? கதாபாத்திரம் ஒட்டவில்லையே என்று அவரையே கேட்டேன்.

“எடை கொறஞ்சா சிரிச்சிக்கினு வீட்டுக்குப் போறாரு. ஏறுனா நேரா ஓட்டலுக்குப் போறாரு. நான் இன்னா பண்ணட்டும்?”

ஒட்டுகிறது. விட்டுவிட்டேன்.

4

ஆறாம் மாதக் கடைசிச் சந்தை. மறுநாள் டாக்டரைப் பார்க்க வேண்டும். சுவரில் கழிவு போக எட்டு என்று கொட்டை எழுத்தில் இருந்தது. வெற்றியைக் காட்ட செல்வம்மாளை அழைத்து வந்திருந்தார் திம்மராயன்.

“நீங்களும் ஏறுங்க அண்ணி,” என்றார் கௌஸ் மொய்தீன்.

ஏறினாள். ஐந்து மணங்குக்கு வைத்த எடைக்கல்லை அவர் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தார். முள் நேராக நின்றபோது தட்டில் இருந்தது நாலு மணங்கு.

“எதாச்சும் கழிக்கணுமா அண்ணி?”

“எதுக்குங்க பாய்? அவரு சொன்ன மாதிரி அரை வயிறுதானே தின்னேன்.”

கௌஸ் மொய்தீன் திம்மராயனைப் பார்க்கவில்லை. சுவரைத்தான் பார்த்தார்.

5

முடிவு ஒன்று: திம்மராயன் அன்றே திருந்தினார். (பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். எனக்கு நம்பிக்கையில்லை.)

முடிவு இரண்டு: டாக்டரிடமே கழிவு கேட்டார். (கேட்கக்கூடியவர்தான்.)

மூன்றாவதை எழுதுவதற்குள் செல்வம்மாள் களித்தட்டை இரண்டாகப் பங்கிட்டு, சின்னப் பங்கை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிட்டாள். இன்னும் என்னை நம்புகிறாள். நாளைக்குத்தான் கிருஷ்ணகிரி.

ஆம், இந்தக் கதையிலும் ஒரு கழிவு செய்திருக்கிறேன். என் பெயரைக் கழித்துவிட்டுத் திம்மராயன் என்று எழுதினேன். இப்போது அவளிடம் மசால்தோசையைப் பற்றிச் சொல்வதா, சாப்பிடுவதா? முடிவை நீங்களே நிறுத்துச் சொல்லுங்கள். தயவுசெய்து எதையும் கழிக்காதீர்கள்.