தோள் மட்டம்

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு உத்தமனின் போன் அடித்தது. திரையில் லாயிடின் பெயர். லாயிட் இறந்து பதினான்கு மணி நேரம் ஆகியிருந்தது.

எடுத்தான். பேசியது லாயிடின் அப்பா.

“உத்தமன்தானே? நான் ஞானசேகரன்.”

“சொல்லுங்க சார்.”

“மத்தியானம் ரெண்டு மணிக்குப் பெட்டி எடுக்கிறோம். குழாய் போடறேன்னு தெருவத் தோண்டி வச்சிருக்காங்க, வண்டி உள்ள வராது. மெயின் ரோடு வரைக்கும் தோள்லதான் தூக்கணும். அஞ்சு பேர் இருக்காங்க. நீ லாயிட் ஹைட்தானே?”

“ஆமா சார்.”

“அவன் போன்ல போட்டோ பாத்தேன். ரெண்டு பேருக்கும் தோள் ஒரே மட்டம். லேட் பண்ணாத.”

வைத்துவிட்டார். காக்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்தவர். பிள்ளைகளை உயரவாரியாக நிறுத்தியே பழகிய கண். அந்தக் கண்ணுக்கும் படத்தில் இடுப்புக்குக் கீழே தெரியவில்லை.

உத்தமன் தான் பொய் சொன்னதாக நினைக்கவில்லை. சனிக்கிழமைகளில் அவன் ஐந்தடி எட்டு அங்குலம். மற்ற ஆறு நாளும் ஐந்தடி மூன்று.

சனிக்கிழமை சாயங்காலம் சர்ச் ஸ்ட்ரீட்டில் ஏழு பையன்கள் கூடுவார்கள். கண்ணுக்கு மை, வலைச் சட்டை, காலில் கட்டை ஹீல் வைத்த கறுப்பு பூட்ஸ். பெரிதாக ஒன்றும் செய்யமாட்டார்கள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பார்கள். காபி குடிப்பார்கள். திரும்ப நடப்பார்கள். போகிறவர்கள் வீடியோ எடுப்பார்கள். “அக்கா, ஒரு செல்ஃபி” என்று எவனாவது கத்துவான். “நூறு ரூபா ஆகும் தங்கச்சி” என்பான் லாயிட்.

பூட்ஸ் எல்லாம் சிவாஜிநகரில் நாடகக்காரர்களுக்குச் செருப்பு தைக்கும் ஒரு கடையில் சொல்லிச் செய்தவை. உத்தமனுடையதுக்கு ஐந்து அங்குலம், லாயிடுடையதுக்கு மூன்று. இரண்டு ஜோடியும் பொம்மனஹள்ளியில் உத்தமனின் அறையில், கதவுக்குப் பின்னால் இருந்தன. லாயிட் தன்னுடையதை ஒருநாளும் வீட்டுக்குக் கொண்டு போனதில்லை.

“வீட்ல மட்டும் தெரியக் கூடாது மச்சா. அப்பா செத்துருவாரு.”

அப்பா பார்த்த படம் எடுத்த அன்று லாயிட் ஆபீசிலிருந்து நேரே வந்திருந்தான். இன்னும் பூட்ஸ் மாற்றவில்லை; உத்தமன் பூட்ஸ் மட்டும் மாட்டியிருந்தான். அவ்வளவுதான்.

உத்தமன் குளித்தான். கறுப்பு பேண்ட், வெள்ளைச் சட்டை. மொபைல் சர்வீஸ் கடைக்குப் போட்டுப்போகும் தட்டை ஷூவையே போட்டுக்கொண்டான். தன் பூட்ஸைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தான். எதற்கு என்று யோசிக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் நாற்பது நிமிஷம் நின்றது. அவனுக்கு அழுகை வரவில்லை. லாயிட் டெங்குவில் விழுந்த ஐந்து நாளும் ஆஸ்பத்திரியில் குடும்பத்தாரை மட்டும்தான் உள்ளே விட்டார்கள். இவன் கீழே பார்க்கிங்கில் நின்றுவிட்டு வந்தான். யாரும் இவனை எதற்கும் கூப்பிடவில்லை. இந்த ஒன்றுக்குத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

தெரு முழுக்கச் செம்மண். பள்ளத்தைப் பேருக்கு மூடியிருந்தார்கள். வீட்டு முன்னால் கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். லாயிடின் அக்கா பிரபா வாசலில் நின்றாள்.

“வந்துட்டியா? உள்ள போய் பாரு. இப்ப மூடிருவாங்க.”

போய்ப் பார்த்தான். லாயிடுக்குக் கோட்டு போட்டுவிட்டிருந்தார்கள். மூக்கில் பஞ்சு. பார்த்துவிட்டு வந்தான்.

சவப்பெட்டிக் கடை ஆள் தனக்கோடி ஆறு பேரையும் வெளியே இரண்டிரண்டாக நிறுத்தினார். கையில் ஒரு நீளக் குடை. ஒவ்வொரு ஜோடியின் தோள்களிலும் அதைக் குறுக்கே படுக்க வைத்துப் பார்த்தார். முதல் ஜோடியில் நின்றது. நடு ஜோடியில், லாயிடின் சித்தப்பா மகன் சஞ்சயும் உத்தமனும். குடை உத்தமன் பக்கம் வழுக்கிக் கீழே விழுந்தது.

தனக்கோடி குனிந்து எடுத்தார். “இது ஆவாது தம்பி. பெட்டி உன் தோள்ல ஒக்காராது. அந்தரத்துல போவும். நீ சும்னே கீழ நடந்து வருவ.”

“என்ன குரு, போட்டோல மட்டும் வளந்தியா?” என்றான் சஞ்சய். யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.

ஞானசேகரன் சார் வந்தார். உத்தமனைத் தலையிலிருந்து கால் வரை ஒருதரம் பார்த்தார்.

“போன்ல என்ன சொன்ன?”

“லாயிட் ஹைட்டுன்னு சொன்னேன் சார்.”

“இது அஞ்சு மூணு.”

“ஆமா சார்.”

“வுடுங்க சார்,” என்றார் தனக்கோடி. “எதிர் வீட்டு முகேஷ் ஒக்காந்திருக்காரே, அவர் கரெக்டா இருப்பாரு. இந்தத் தம்பி மாலை எடுத்துனு வரட்டும்.”

முகேஷ் நாற்காலியிலிருந்து எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். யாரோ உத்தமன் கையில் ஒரு மாலையைக் கொடுத்தார்கள். அது ஈரமாக இருந்தது.

பை நாற்காலிக்கு அடியில் கிடந்தது. அதைத் திறந்தால் சனிக்கிழமைகள் இந்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். திறக்காவிட்டால் முகேஷ் தூக்குவார். முகேஷுக்கு லாயிடின் முழுப் பெயர்கூடத் தெரிந்திருக்காது. உத்தமன் மாலையை நாற்காலியில் வைத்தான். பையை இழுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். ஷூவைக் கழற்றினான்.

இடது கால் பூட்ஸுக்கு ஜிப் ஏறியது. வலது காலுக்கு ஏறியது. எழுந்து சஞ்சயின் பக்கத்தில் போய் நின்றான்.

பின்வரிசையில் ஒரு அத்தை, “கர்த்தாவே” என்றாள்.

“டேய், இது பொம்பளைங்க…” என்று தொடங்கிய சஞ்சய் முடிக்கவில்லை.

தனக்கோடி கீழே பார்த்தார். நாற்பது வருஷமாகப் பெட்டி எடுப்பவர். பிறகு மேலே பார்த்தார். குடையைத் தோள்களில் வைத்தார். நின்றது.

“மட்டம் வந்துருச்சு சார்,” என்றார்.

ஞானசேகரன் சார் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது என்ன?”

“நாங்க போடுறது சார். சனிக்கிழமைல.”

“நாங்கன்னா?”

“அப்பா, இப்ப வேணாம்,” என்றாள் பிரபா.

“நீ இரு. அவனும் போடுவானா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பார். உத்தமனுக்கு அது தெரிந்தது. ஆனால் இல்லை என்று சொல்லத் தேவையான ஏதோ ஒன்று அவனுக்குள் அன்றைக்கு இல்லை.

“போடுவான் சார்.”

“எங்க வச்சிருக்கான்?”

“என் ரூம்ல.”

“எத்தன இன்ச்?”

“மூணு.”

ஞானசேகரன் சார் உதடு கணக்குப் போடுவதுபோல் அசைந்தது. “அஞ்சு பதினொண்ணு,” என்றார். பள்ளிக்கூடத்தில் உயரப் பதிவேட்டுக்குச் சொல்கிற குரல். சற்றுப் பொறுத்து, “என்னைவிட ஒரு இன்ச் கூட,” என்றார்.

பாஸ்டர் வேதப் புத்தகத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“முகேஷ், நீங்க உக்காருங்க,” என்றார் ஞானசேகரன் சார். “டைம் ஆவுது. லெஃப்ட்ல ஆரம்பிங்க. ஸ்டெப் மாறக் கூடாது.”

பெட்டியை மூடினார்கள். தூக்கினார்கள். உத்தமன் இடது பக்கம், நடு ஆள். கன்னத்தில் மரம் உரசியது. புது வார்னிஷ் நாற்றம். ஞானசேகரன் சார் முன்னால் நடந்தார். “லெஃப்ட்… லெஃப்ட்…” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். தன்னையறியாமல் சொல்கிறார் என்று தோன்றியது.

தோளில் ஒன்றும் தெரியவில்லை. பாரம் இருக்கிறதா என்று அந்த நேரத்தில் கேட்டிருந்தால் உத்தமனால் சொல்லியிருக்க முடியாது. சிமெண்ட் தரை முடிந்து தெரு வந்தது. மூன்றாவது அடியில் ஹீல் மண்ணுக்குள் இறங்கியது. தனி ஆளாக நடந்தால் இவ்வளவு இறங்காது. இருக்கிறது, தூக்கிக்கொண்டுதான் போகிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

“இறங்குது ப்ரோ,” என்றான் சஞ்சய் பெட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. “உன் சைடு இறங்குது.”

“இரு.”

குதிகாலை உருவி முன்விரல்களில் நின்றான். மட்டம் வந்தது. அப்படியே நடந்தான். சாதாரணமாக அந்த பூட்ஸில் அரை மணி நேரத்துக்குப் பாதம் உயிர் போகிற மாதிரி வலிக்கும். பிறகுதான் மரத்துப்போகும். இன்று வலிக்கவே இல்லை. மூடிய பள்ளங்களை ஒவ்வொன்றாகத் தாண்டினான். மாடிகளிலிருந்து ஆட்கள் பார்த்தார்கள். ஒரு பெண் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

“கீழ பாக்காத,” என்றான் சஞ்சய். “நான் சொல்றேன். இப்ப கல்லு. லெஃப்ட்ல கல்லு. ஆங். தாண்டிட்ட.”

மெயின் ரோட்டில் வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. “தலப் பக்கம் மொதல்ல. மெதுவா. வுடு,” என்றார் தனக்கோடி. பெட்டி உள்ளே போனது. மற்ற ஐந்து பேரும் தோளைத் தேய்த்துக்கொண்டார்கள். உத்தமனும் தேய்த்தான். அங்கே ஒன்றும் இல்லை.

ஞானசேகரன் சார் அவனிடம் வந்தார். இப்போது இருவர் கண்களும் ஏறக்குறைய நேராக இருந்தன.

“கல்லறைல ஆறு படி இறங்கணும்,” என்றார். “இதப் போட்டுகிட்டு எறங்குவியா?”

“இறங்குவேன் சார்.”

“முன்னாடி ஏறு.”

உத்தமன் வண்டியின் முன்பக்கம் போனான்.

“மண்ணத் தட்டிட்டு ஏறு,” என்றார் பின்னாலிருந்து.

டயரில் இரண்டு முறை தட்டினான். ஈரமண், விழவில்லை. ஏறி உட்கார்ந்தான்.